டிராகன் பறக்கும் நேரத்தில் படம் நிற்கிறதா? மாயாஜாலப் பட ரசிகர்களுக்கான வீட்டு இணைய வழிகாட்டி

செய்தி, பாட்டுப் போட்டி, நான்கு சுவருக்குள் நடக்கும் குடும்பத் தொடர் எல்லாம் ஒரு குறையுமில்லாமல் ஓடும் அதே டிவியில் மாயாஜாலப் படம் போட்டால் மட்டும் தொல்லை ஆரம்பிக்கும். பனிமூட்டத்துக்குள் நகரும் படை கட்டம் கட்டமாக உடையும். குகைக்குள் நிற்பவர் யாரென்றே தெரியாது. கோட்டைக் கதவு உடையப்போகும் கணத்தில் வட்டம் சுற்றும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்கு மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாமல் மிச்சம் பிடித்துத்தான் வீடியோவைச் சுருக்குகிறார்கள். புகை, மழை, தீப்பொறி, பறக்கும் சாம்பல், ஆயிரம் ஈட்டிகள் அசையும் சமவெளி ஆகியவற்றில் மாறாத பகுதி என்று ஒன்று கிடையாது. இருட்டான பகுதிகளிலோ, கண் அவ்வளவாகக் கவனிக்காது என்ற கணக்கில் சுருக்கும் மென்பொருள் விவரங்களை இன்னும் கடுமையாக வெட்டிவிடும். இதோடு படத்தின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத் தொடரில் தலைகாட்டாத இணையக் கோளாறு நான்கு மணி நேரப் படத்தில் கட்டாயம் ஒருமுறையாவது வெளிப்படும்.

எரிச்சலில் பெரும்பாலானோர் முதலில் செய்வது அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவதுதான். பணத்தைக் கட்டிய பிறகும் டிராகன் அதே இடத்தில் நிற்கும். கோளாறு படக் கோப்பில் இருக்கலாம், டிவி அமைப்பில் இருக்கலாம், வீட்டு வைஃபையில் இருக்கலாம், வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் லைனில் இருக்கலாம், நிறுவனத்தின் நெரிசலிலும் இருக்கலாம். எது என்று தெரிந்த பிறகே பணத்தில் கை வையுங்கள்.

நிற்பது வேறு, மங்குவது வேறு

ஸ்ட்ரீமிங்கில் படம் ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். உங்கள் டிவியிலுள்ள செயலி அப்போதைய வேகத்தைப் பார்த்து அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்யும். அதனால் வேகம் குறையும்போது முதலில் படம் மங்கும். அதற்கும் வேகம் போதாமல், முன்கூட்டிச் சேமித்த துண்டுகள் தீர்ந்த பிறகுதான் நிற்கும்.

இதை மனதில் வைத்துத் திரையைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். படம் மெல்ல மெல்ல மங்கி, அப்புறம் நின்றால் நெரிசல், அதாவது வேகம் படிப்படியாகக் குறைகிறது. கூர்மையாக ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று நின்று, ஒரு நிமிடம் கழித்து மறுபடி கூர்மையாகவே தொடர்ந்தால் இணைப்பு முழுவதுமாக அறுந்து திரும்பியிருக்கிறது. இது வைஃபை துண்டிப்பாகவோ லைன் துண்டிப்பாகவோ இருக்கும். வேகத் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கும் நிற்காமல், முகங்கள் துல்லியமாக இருக்க, பின்னாலுள்ள இருட்டுச் சுவரில் மட்டும் கட்டங்களும் வளையங்களும் தெரிந்தால் இணையத்தைத் திட்டாதீர்கள். அது படத்தைச் சுருக்கிய விதமோ டிவியின் அமைப்போதான். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

படம் தொடங்கிய முதல் அரை நிமிடம் மங்கலாக இருப்பது இயல்பு. செயலி குறைந்த தரத் துண்டில் தொடங்கி மேலேறும். தொடக்கக் காட்சியின் அழகை இழக்க மனமில்லை என்றால், ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஆரம்பத்துக்குத் திரும்புங்கள்.

உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்

முழு எச்டி படத்துக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 5 மெகாபிட், போதும். 4கே படத்துக்கு சேவையைப் பொறுத்து 15 முதல் 25 எம்பிபிஎஸ் வரை கேட்கிறார்கள். இவை மெகாபிட் கணக்கு. டவுன்லோட் திரையில் காணும் மெகாபைட் இதைவிட 8 மடங்கு பெரிய அலகு. 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் அது சரியான வேகமே.

வீட்டில் இரண்டு டிவியில் 4கே படம், ஒரு வீடியோ அழைப்பு, நாலைந்து போன்கள் என்று கூட்டிப் பார்த்தாலும் 100 எம்பிபிஎஸ் தாராளம். அதைக் கட்டியும் படம் நிற்கிறதென்றால் 300-க்கு மாறுவதால் குணமாக வாய்ப்பு மிகக் குறைவு.

டேட்டா வரம்பையும் பாருங்கள். 15 எம்பிபிஎஸ் வேகத்தில் தொடர்ந்து ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 ஜிபி. நான்கு மணி நேர நீள்பதிப்பு ஒன்றே 27 ஜிபியை விழுங்கும். ஒரு முத்தொகுப்பை வார இறுதியில் பார்த்து முடித்தால் 80 ஜிபி போய்விடும். மாதக் கடைசியில் மட்டும் படம் மங்குகிறது என்றால், வரம்பைத் தாண்டியதும் நிறுவனம் வேகத்தைக் குறைக்கிறதா என்று உங்கள் கணக்குப் பக்கத்தில் பாருங்கள்.

ஒரே காட்சியை வைத்துச் சோதனை

இருட்டும் புகையும் அசைவும் கலந்த இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனைக்கும் இதே காட்சிதான். வெவ்வேறு காட்சிகளை ஒப்பிட்டால் எதுவும் தெளியாது.

1. லேப்டாப்பை லேன் கேபிளால் நேரடியாக ரவுட்டரில் செருகி, அதன் வைஃபையை அணையுங்கள். இரவு 8 முதல் 10 மணிக்குள் ஒருமுறையும், விடிகாலையில் ஒருமுறையும் வேகத்தை அளந்து பாருங்கள். பொதுவான வேகச் சோதனைத் தளம் ஒன்றிலும், நெட்ஃபிளிக்ஸ் தன் சர்வர்களிலிருந்தே அளந்து காட்டும் ஃபாஸ்ட் தளத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

2. அதே இரண்டு நேரங்களிலும் டிவிக்குப் பக்கத்தில் போனை வைத்து வைஃபையில் அளந்து பாருங்கள்.

3. படம் ஓடும்போது லேப்டாப்பை டிவிக்கு அருகே வைத்து வைஃபையில் இணைத்து, இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றொன்றில் வெளியிலுள்ள கூகுள் சர்வரின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் ஓடவிடுங்கள் (ஒரு சிறு செய்தி போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை அது). ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. விண்டோஸில் பிங் நான்கு முறையோடு நின்றுவிடும். தொடர்ந்து ஓட, முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் டி எழுத்தும் சேருங்கள்.

கேபிளில் வேகம் சரி, டிவி பக்கத்தில் இல்லை என்றால் வைஃபை. கேபிளிலும் இரவில் விழுந்து காலையில் எழுந்தால் நிறுவனத்தின் நெரிசல். எந்நேரமும் குறைவு என்றால் லைன் கோளாறு, அல்லது பழைய ரவுட்டர். பொதுச் சோதனை 100 காட்ட, ஃபாஸ்ட் தளம் மட்டும் 8 காட்டினால், உங்கள் நிறுவனத்துக்கும் படம் வரும் சர்வர்களுக்கும் இடையிலான பாதையில் அடைப்பு. இந்தக் கடைசி வகையில்தான் வாடிக்கையாளர் சேவையில் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவர்கள் அளப்பது தங்கள் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வர் வரைதான்.

பிங்கில் ரவுட்டருக்கே பதில் தவறினால் வைஃபை பக்கம் பாருங்கள். ரவுட்டர் பதில் சீராக ஒற்றை இலக்க மில்லிசெகண்டில் வர, வெளியே மட்டும் தவறினால் லைன். வெளிப் பதில் 20-லிருந்து திடீரென 300, 500 என்று ஏறினால் வீட்டில் யாரோ அப்லோடை நிரப்புகிறார்கள். பெரும்பாலும் போன்கள் சார்ஜில் போட்டதும் இரவில் தானாகப் புகைப்படங்களை ஏற்றுவதுதான் காரணம். படம் இறங்க, “வந்து சேர்ந்தது” என்ற சிறு பதில்களை உங்கள் டிவி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; அப்லோடு அடைத்தால் அந்தப் பதில்கள் வரிசையில் காத்திருக்கும், இறங்கும் வேகமும் சரியும். ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற, வரிசை நெரிசலைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை இரு திசைக்கும் வரம்பாகக் கொடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் புகைப்பட ஏற்றத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவையுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

டிவிக்கு லேன் கேபிள் இழுக்க முடிந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும், அதற்கு மேல் விலையுள்ள கேபிள் இதற்குத் தேவையில்லை. பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். ஸ்ட்ரீமிங்குக்கு அது போதும், பயம் வேண்டாம். உங்கள் திட்டம் 100-க்கு மேற்பட்டதாக இருந்து, லேப்டாப்பைச் செருகினாலும் 100-க்கு மேல் ஏறவில்லை என்றால் கேபிளில் ஏதோ ஒரு ஜோடி இழை அறுந்திருக்கலாம், அல்லது கிளிப் சரியாக அமுங்கவில்லை. 1 ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரண்டு ஜோடி மட்டும் உயிரோடு இருந்தால் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும்.

கேபிள் முடியாது என்றால் ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள். அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், தரையில், கண்ணாடிக்கோ மீன் தொட்டிக்கோ பக்கத்தில் இருக்கும் ரவுட்டர் பாதி பலத்தை அங்கேயே இழக்கிறது. உலோகமும் தண்ணீரும் அலைக்கு ஆகாதவை. தலை உயரத்தில், திறந்த இடத்தில், டிவியை நோக்கி முடிந்தவரை குறைந்த சுவர்கள் இருக்கும்படி வையுங்கள். போனில் வைஃபை அளவிடும் செயலி ஒன்றைப் போட்டு டிவி இருக்கும் இடத்தில் பாருங்கள். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அலகில் காட்டும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது: மைனஸ் 50 டிபிஎம் அருமை, மைனஸ் 67 வரை வீடியோவுக்கு நம்பகமானது, மைனஸ் 75-க்குக் கீழே போனால் படம் நடுவில் திணறும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். பக்கத்து வீடுகள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் குவிகின்றன. ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் டிவி தானாக 2.4-ஐப் பிடித்துக்கொள்ளக்கூடும். 5-க்குத் தனிப் பெயர் கொடுத்து, டிவியில் பழைய பெயரை மறக்கச் சொல்லிவிட்டுப் புதியதை மட்டும் சேருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு வலை இருக்கிறது, இதைப் பலர் கண்டுபிடிப்பதே இல்லை. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் போன்ற அலை ஒன்றைக் கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போனால் அங்கே குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே பேசத் தொடங்கலாம். “கூர்மையாக ஓடியது, சட்டென்று ஒரு நிமிடம் வைஃபையே காணோம், பிறகு தானாக வந்தது” என்பது பெரும்பாலும் இதுதான். ரவுட்டரில் தானியங்கிச் சேனல் தேர்வை நிறுத்தி 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள்.

டிவிக்குப் பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் உள்ளவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அதன் மின்சாரம். டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுத்தால் பல ஸ்டிக்குகளுக்குப் போதாது, கனமான காட்சியில் தானாக மறுதொடக்கம் ஆகும். கூட வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். இரண்டு, டிவியின் உலோக முதுகு அலையை மறைக்கும். கையளவு எச்டிஎம்ஐ நீட்டிப்புத் துண்டு போட்டு ஸ்டிக்கை வெளியே தொங்கவிட்டால் சிக்னல் ஏறும். பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருந்தால் தள்ளிவையுங்கள், அதன் கேபிள் 2.4 அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மெல்லத் திணறுகிறது என்றால் ஸ்டிக்கையோ ரவுட்டரையோ தொட்டுப் பாருங்கள். சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

வைஃபை ரிப்பீட்டர் வாங்கலாமா? ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும் மலிவான வகை, வேகத்தைப் பாதியாக்கும். வாங்குவதானால் பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வாங்கி, இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இறந்த இடத்தில் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே கேபிள் போட முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, விபிஎன் இருந்தால் அணையுங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை மாற்றியிருந்தால் நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸுக்குத் திரும்பி ஒருமுறை சோதியுங்கள். எந்த சர்வர் அருகில் என்று சில சேவைகள் டிஎன்எஸை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. வெளி டிஎன்எஸ் சில நேரம் உங்களைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பிவிடும்.

லைன் கோளாறுகள்

ஃபைபர் இணைப்பில், ஒளி இழை வந்து சேரும் ஓஎன்டி பெட்டியைச் சுவரில் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. விளக்கு பச்சையாக இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வருகிறதென்றால், பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் பெறும் ஒளி அளவு இருக்கும். பரவலாக உள்ள ஜிபான் முறையில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை ஏற்கத்தக்கது. மைனஸ் 25-ஐத் தாண்டிக் கீழே போயிருந்தால் வெயிலிலும் மழையிலும் தடுமாறும். காரணம் பெரும்பாலும் கதவிடுக்கில் நசுங்கிய, மேசைக்குப் பின்னால் மடங்கிய மெல்லிய இழைதான், அல்லது இணைப்பானில் தூசி. இழையை உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாகத் தளர்த்திவிடுங்கள். இணைப்பானைக் கழற்றி முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல் என்றால், போன் செருகிய ஒவ்வொரு இடத்திலும் வடிகட்டி இருக்கிறதா பாருங்கள். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் காணும் இரைச்சல் இடைவெளி (எஸ்என்ஆர் மார்ஜின்) 6 டெசிபலுக்குக் கீழே இறங்கும் நேரங்களில்தான் இணைப்பு அறுகிறதா என்று ஒப்பிடுங்கள்.

நிறுவனத்திடம் புகார் செய்யும் முறை

“நெட் ஸ்லோவாக இருக்கிறது” என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். தொலைபேசியில் பேசும் ஊழியருக்கும் உதவும்படி, கையில் தரவோடு போங்கள். ஐந்து நாள் இரவும் காலையும் கேபிளில் அளந்த எண்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள், பிங் பதிவு, ஓஎன்டி ஒளி அளவு ஆகியவை போதும். எழுத்தில் இப்படிக் கொடுங்கள்:

“என் திட்டம் 100 எம்பிபிஎஸ். லேன் கேபிளில், வைஃபை அணைத்த நிலையில், இரவு 8:30 முதல் 10:30 வரை 9 முதல் 14 எம்பிபிஎஸ் மட்டுமே வருகிறது. காலை 6 மணிக்கு 96 வருகிறது. ரவுட்டருக்கான பிங்கில் இழப்பு இல்லை. வெளி முகவரிக்கு இரவில் இழப்பு உள்ளது. ரவுட்டர் மறுதொடக்கம் ஏற்கெனவே செய்யப்பட்டது. தயவுசெய்து என் பகுதியின் நெரிசலைச் சோதித்து, புகார் எண்ணும் தீர்க்கும் தேதியும் எழுத்தில் தாருங்கள்.”

எண்களை உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புகார் எண் இல்லாத எந்த உரையாடலும் நடந்ததாகக் கணக்கில் வராது. டெக்னீஷியன் பகலில் வந்தால் வேகம் நன்றாகவே இருக்கும். கோளாறு இரவில்தான் என்று முன்பே எழுதி, இரவு எண்களை அவரிடம் காட்டுங்கள். “தீர்ந்தது” என்று குறுஞ்செய்தி வந்து, தீராமல் இருந்தால் புதுப் புகார் போடாமல் அதே எண்ணை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்கினால் நாள்கணக்கும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மேலே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு, அதன் பிறகு உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு. ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம் குறிப்பிட்டிருந்தால் அந்த வரியை மேற்கோள் காட்டுங்கள். அபராதமின்றி விலக அதுவே பிடிமானம்.

இருட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியவில்லை

2019 ஏப்ரலில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் 8-ஆம் பருவத்தில் இரவுப் போர் அத்தியாயம் வெளிவந்தபோது, எதுவுமே தெரியவில்லை என்று உலகெங்கும் புகார் எழுந்தது. இருட்டாகவே படமாக்கியதும், ஸ்ட்ரீமிங் சுருக்கமும், வீட்டு டிவிகளின் அமைப்பும் சேர்ந்து செய்த வேலை அது. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது முழுக்க நம் கையில்தான்.

டிவியின் மின்சேமிப்பு வசதியையும் அறை வெளிச்ச சென்சாரையும் முதலில் அணையுங்கள். இருட்டறையில் அவை திரையை இன்னும் மங்கச் செய்யும். பட அமைப்பில் ஃபிலிம்மேக்கர் மோடு அல்லது சினிமா மோடு. அசைவை வழவழப்பாக்கும் வசதி அணைவு. அது 24 ஃபிரேமுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களை இட்டுக்கட்டி, வாள்முனையையும் இறகையும் குழப்பிவிடும். இரைச்சல் நீக்கி அணைவு, கூர்மை குறைவு. கூர்மையைக் கூட்டினால் சுருக்கத்தின் கட்டங்கள்தான் கூர்மையாகும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் அதிக வீச்சு தரும் எச்டிஆர் படங்களில் ஒரு சிக்கல். சாதாரணப் படம் திரையின் திறனுக்கேற்பக் கூடிக் குறையும்; எச்டிஆரில் பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு வெளிச்சம் என்று திட்டமான அளவு எழுதியிருக்கும். இருட்டறையை மனதில் வைத்து எழுதிய அளவு அது. விளக்கெரியும் கூடத்தில் பார்த்தால் நிழல்கள் மொத்தமாக மூழ்கும். தீர்வுகள் எளியவை: திரையில் பிரதிபலிக்கும் விளக்கை அணைத்து, டிவிக்குப் பின்னால் சுவரை நோக்கி மங்கலான விளக்கு ஒன்று வையுங்கள். காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் திரையின் திறனுக்குப் பொருத்தும் டைனமிக் டோன் மேப்பிங் டிவியில் இருந்தால் இயக்குங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் ஸ்டிக்கின் அமைப்பில் எச்டிஆரை அணைத்து அதே காட்சியைப் பாருங்கள். பிரகாசம் குறைந்த டிவிகளில் எச்டிஆர் இல்லாத படமே நன்றாக இருக்கும். பெட்டியில் ஒட்டிய எச்டிஆர் முத்திரைக்காகக் கண்ணைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை.

நிழல் எல்லாம் ஒரே கறுப்புக் குழம்பாக இருந்தால் எச்டிஎம்ஐ கறுப்பு அளவைச் சோதியுங்கள். ஸ்டிக் வரம்புள்ள (லிமிடெட்) அளவில் அனுப்ப, டிவி முழு (ஃபுல்) அளவை எதிர்பார்த்தால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். இதற்கு நேர்மாறாக இருந்தால் நிழல் விவரம் அழியும். இரண்டிலும் ஒரே தேர்வு இருக்க வேண்டும்.

வானத்திலும் மூடுபனியிலும் வளையம் வளையமாக நிறம் படிவது 8 பிட் படங்களில் சகஜம். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. டிவியில் நிற அடுக்கை மென்மையாக்கும் வசதி இருந்தால் குறைந்த அளவில் மட்டும் வையுங்கள். கூடுதலாக வைத்தால் கவசத்தின் கீறல்களும் தோலின் மயிர்க்கால்களும் சேர்ந்து அழிந்துபோகும்.

பணம் கட்டியும் 4கே வரவே இல்லை என்றால் வேகத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள்: சந்தா 4கே அடுக்குதானா, எச்டிஎம்ஐ போர்ட் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்கிறதா, டிவி அமைப்பில் அந்தப் போர்ட்டுக்கு விரிவான சிக்னல் வசதி இயக்கியிருக்கிறதா, கேபிள் 18 ஜிபிபிஎஸ் தாங்குமா. நடுவிலிருக்கும் பழைய சவுண்ட்பார் ஒன்றே முழுச் சங்கிலியையும் கீழே இழுத்துவிடும். லேப்டாப்பில் உலாவி வழியே பார்ப்பவர்களுக்குப் பல சேவைகள் 4கே தருவதே இல்லை. போனில் மங்கலாகவே வந்தால் அதன் வைட்வைன் (நகல் தடுப்புப் பாதுகாப்பு) நிலை எல்3-யாக இருக்கலாம். அப்படிப்பட்ட கருவிகளுக்கு எச்டி அனுப்ப மாட்டார்கள், இணையத்தை எவ்வளவு சரிசெய்தாலும் மாறாது.

கற்பனை மொழியின் சப்டைட்டில் காணோம்

சிந்தரின், டோத்ராக்கி, நாவி, கிளிக்கி என்று மாயாஜால உலகங்களுக்கென்றே மொழிகள் உண்டு. அந்த வசனங்களுக்கு மட்டும் தோன்ற வேண்டிய சப்டைட்டிலுக்கு ‘ஃபோர்ஸ்டு’ தடம் என்று பெயர். படத்தின் மீதே பொறித்திருந்தால் பிரச்சினை இல்லை. தனித் தடமாக இருந்து, நீங்கள் சப்டைட்டிலை அணைத்திருந்தால் சில செயலிகள் அதையும் சேர்த்து அணைத்துவிடும். மந்திரவாதி முக்கியமான எதையோ சொல்லிவிட்டுப் போவார், நமக்கு ஒன்றும் புரியாது. பட்டியலில் ஒரே மொழி இரண்டு முறை இருந்தால் குறிப்பு குறைவாக உள்ளதை முயலுங்கள். செவித்திறன் குறைந்தோருக்கான தடம் ‘இடி முழங்குகிறது’ என்பது வரை எல்லாவற்றையும் எழுதும், அதுவல்ல நமக்கு வேண்டியது. ஒலியின் மொழியை மாற்றிவிட்டு மீண்டும் பழையதற்கே வந்தால் ஃபோர்ஸ்டு தடம் தானாக எழுவதும் உண்டு.

கிசுகிசு கேட்காமல், போர் மட்டும் காதைக் கிழித்தால் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலித் தடம் டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருங்கி இறங்குகிறது. செயலியில் ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டிவியில் இரவு மோடு போடுங்கள்.

படத்தைத் தொடங்கும் முன் அதன் நீளத்தைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது நீள்பதிப்பு என்றால் ஓடும் நேரம்தான் அடையாளம். திரையரங்குப் பதிப்பும் நீள்பதிப்பும் ஒரே சுவரொட்டிப் படத்தோடு இருக்கும், பெயரிலும் வித்தியாசம் எழுதியிருக்காது. உரிமம் முடிந்தால் படமே சேவையிலிருந்து போய்விடும் என்பதால், மறுபடி மறுபடி பார்க்கும் படங்களை வட்டாக வாங்குவதே நம் பரிந்துரை. 4கே புளூ-ரே வட்டு 50, 66 அல்லது 100 ஜிபி கொள்ளும், பெரிய வட்டுகளில் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் ஏறும். 15 மெகாபிட் ஸ்ட்ரீமிங்கில் கட்டம் கட்டமான அதே மூடுபனியில் இதில் ஒவ்வொரு இழையும் தெரியும்.

வட்டிலிருந்து எடுத்த அந்த அளவுக் கோப்பை வீட்டுச் சர்வரில் வைத்து டிவியில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும், முன்னால் சொன்ன 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட் தடையாகும். போர் உச்சத்தில் வேகம் அந்த வரம்பைத் தொட்டு நிற்கும். அப்போது கேபிளைக் கழற்றி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள், அல்லது டிவி ஏற்றுக்கொள்ளுமானால் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஜிகாபிட் லேன் அடாப்டர் ஒன்றைச் செருகுங்கள்.